கைதியின் மனு யார் கைக்குப் போனது?

கேள்வி: 1820களில் அயர்லாந்துச் சிறையில் கிடந்த ஏழைக் கைதி ஒருவர் அரசுக்கு மனு அனுப்பினால், அதை யாராவது படித்திருப்பார்களா?

பதில்: படித்தார்கள். மனு பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராய் பெயருக்கு எழுதப்பட்டாலும், ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் அதைக் கையாண்டது தலைமைச் செயலாளர் அலுவலகம். தலைமைச் செயலாளர் நாடாளுமன்றத்துக்காக அடிக்கடி லண்டன் போய்விடுவார். அன்றாடச் சுமை துணைச் செயலாளர் தலையில்தான் விழும். 1812 முதல் 1831 வரை அப்பதவியில் இருந்தவர் வில்லியம் கிரகரி. தண்டித்த நீதிபதியிடமே கருத்துக் கேட்பது வழக்கம். அதனால் பல மனுக்கள் அங்கேயே செத்துப்போயின. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

என்னை உலுக்குபவை மனைவிமார் அனுப்பிய மனுக்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்படும் கணவருடன் தன்னையும் பிள்ளைகளையும் கப்பலேற்றுங்கள் என்று கெஞ்சுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் வேறொருவரை எழுதச் சொல்லி, கீழே சிலுவைக்குறி போட்டார்கள்.

கலவரம் என்று காவல் படை கேட்கும் மாஜிஸ்திரேட்டுகளின் கடிதங்களும் அதே அலுவலகத்துக்குத்தான் வந்தன. 1814இல் அப்போதைய தலைமைச் செயலாளர் ராபர்ட் பீல் அமைத்த காவல் படையின் செலவை, அது அனுப்பப்பட்ட வட்டார மக்களே சுமக்க நேர்ந்தது. 1822 சட்டத்துக்குப் பிறகுதான் மாவட்டந்தோறும் நிரந்தரக் காவலர்கள் வந்தார்கள்.

1922இல் டப்ளின் நீதிமன்ற வளாகமான ஃபோர் கோர்ட்ஸில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தபோது இந்த மனுக்களும் கடிதங்களும் தப்பின. கோட்டையிலேயே இருந்ததுதான் காரணம். இன்று டப்ளினில் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இவற்றைப் படிக்கலாம்.