ரெசல்யூட் பே – கிரீஸ் ஃபியோர்டு: விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கனடாவின் வடகோடியில் உள்ள ரெசல்யூட் பேயிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூரம் சுமார் 385 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும். ஆனால் இந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பி அடுத்த டிக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் வரைபடம். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரியும். தீர்க்கரேகையில் 12 டிகிரி வித்தியாசம். பூமத்திய ரேகையில் என்றால் 1,300 கிலோமீட்டருக்கு மேல். அங்கே 75, 76 டிகிரி வடக்கில் ரேகைகள் நெருங்கிவிடுவதால் ஒரு டிகிரி வெறும் 28 கிலோமீட்டர்தான்.

அடுத்தது விமானம். ரெசல்யூட்டில் ஜெட் இறங்கும் அளவுக்கு நீளமான சரளைக்கல் ஓடுபாதை உண்டு. கிரீஸ் ஃபியோர்டில் இருப்பதோ மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு குட்டிப் பாதை. அதில் இறங்க ட்வின் ஆட்டர் போன்ற சிறு விமானம்தான் சரி. அது மணிக்கு 270 கிலோமீட்டர் வாக்கில் போகும். எதிர்க்காற்று அடித்தால் அதுவும் குறையும். தினசரி சேவையும் கிடையாது.

நேரத்தைத் தீர்மானிப்பது உண்மையில் வானிலைதான். மலையை ஒட்டித் திரும்பி இறங்க வேண்டியிருப்பதால் விமானிக்கு ஓடுபாதை கண்ணில் பட்டாக வேண்டும். பனிமூட்டமோ காற்றோ விடாவிட்டால் ரெசல்யூட்டுக்கே திரும்ப வேண்டியதுதான், ஏனென்றால் 300 கிலோமீட்டருக்குள் வேறு ஊரே இல்லை. அப்படித் திருப்பினால் விமானியிடம் கோபப்படாதீர்கள். 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசல்யூட்டில் இறங்க வந்த ஒரு போயிங் 737, மேகமூட்டத்தில் பாதை விலகிக் குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். அந்த வடகோடியில் காந்தத் திசைகாட்டியையும் நம்ப முடியாது. ஓடுபாதைகளின் திசையைக்கூட காந்த வடக்கை வைத்தல்ல, உண்மை வடக்கை (வட துருவம் இருக்கும் திசையை) வைத்துத்தான் குறிக்கிறார்கள்.

அப்புறம், கடிகாரம். கிரீஸ் ஃபியோர்டு ரெசல்யூட்டைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் டிக்கெட்டில் போகும்போது இரண்டரை மணி நேரம் போலவும், வரும்போது அரை மணி நேரம் போலவும் தெரியும்.

கிரீஸ் ஃபியோர்டில் வசிப்பவர்கள் 150 பேருக்கும் குறைவு. 1953இல் கனடா அரசு, ஆர்க்டிக் பழங்குடிகளான இன்யூட் குடும்பங்களைத் தெற்கிலிருந்து கொண்டுபோய் இந்த இரண்டு இடங்களிலும் குடியேற்றியது. 2010இல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டது. பொருட்களை ஏற்றிய கப்பல் கோடையில் மட்டுமே வரும். பிரசவத்துக்கும் சிகிச்சைக்கும் வெளியே போக அந்த மக்களுக்கு இந்த விமானம்தான் வழி. இருக்கை கிடைக்காவிட்டால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் கடைசி, மே மாதம் நல்ல சமயம்: வெளிச்சம் நாள் முழுக்க இருக்கும், கடற்பனி உருகிக் கிளம்பும் மூடுபனியும் அவ்வளவாக இருக்காது. ரெசல்யூட்டிலிருந்து, இந்த ஊர்கள் இருக்கும் நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரான இக்காலுயிட் இன்னும் 1,575 கிலோமீட்டர். திரும்பும்போது, ரெசல்யூட்டிலிருந்து அங்கே போகும் விமானத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாளாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.