ஐ.பி. கொடுப்பவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா?

ஈரோடு, நாமக்கல் பகுதி நீதிமன்றங்களில் வழக்கறிஞராகவும் சில காலம் அபிஷியல் ரிசீவராகவும் (திவாலானவர் சொத்தை நீதிமன்றத்துக்காக ஏற்று நிர்வகிப்பவர்) இருந்தவர், ஐ.பி. எனப்படும் இன்சால்வன்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: விசைத்தறி வைத்திருந்த ஒருவருக்கு புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு ரெண்டு வட்டிக்கு நாலு லட்சம் கொடுத்தேன். ஒன்றரை வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. இப்போது அவர் ஐ.பி. கொடுத்துவிட்டதாக மஞ்சள் நோட்டீஸ் வந்திருக்கிறது. கார் வாங்கினார், மகள் கல்யாணத்தைப் பெரிய மண்டபத்தில் செய்தார். ஆடம்பரமாக வாழ்ந்துவிட்டு ஊரை ஏமாற்றுபவர்கள்தானே ஐ.பி. கொடுக்கிறார்கள்?
– ஒரு வாசகர், பள்ளிபாளையம்

பதில்: நாலு லட்சம் மாட்டிக்கொண்டால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் காரையும் மண்டபத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் மனுவில் உள்ள கடன் பட்டியலை எடுத்துப் பாருங்கள் அய்யா.

ரிசீவராக இருந்தபோது நான் முதலில் பார்ப்பது தேதிகளைத்தான். தேதிவாரியாக அடுக்கினால் கதை தானாக வெளியே வரும். முதலில் தறி வாங்க வங்கிக் கடன். அப்புறம் நூல் கடைப் பாக்கி. அடுத்து ஒன்றரை வட்டிக்குச் சொந்தக்காரர், ரெண்டு வட்டிக்கு உங்களைப் போன்றவர், மூன்று வட்டிக்கு ஃபைனான்ஸ். கடைசி நாலைந்து மாதத்தில் வாங்கியதெல்லாம் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று சில்லறையாக இருக்கும். மளிகைக்கடைக்காரர், மாமியாரின் மகளிர் குழு, தறி ஓட்டிய ஆள் வரைக்கும் கை நீட்டியிருப்பார். இது சொகுசாக வாழ்ந்தவன் பட்டியல் இல்லை. முந்தின வட்டியைக் கட்டப் பிந்தின கடன் வாங்கியவன் பட்டியல். உங்களுக்கு ஒழுங்காக வந்த அந்த ஒன்றரை வருட வட்டிகூட, அநேகமாக வேறு யாரோ கொடுத்த அசலாக இருக்கும்.

மண்டபக் கல்யாணமும் பலநேரம் இந்தக் கணக்கில்தான் வரும். கல்யாணத்தைச் சுருக்கினால் ‘ஆள் நொடிச்சுட்டான்’ என்று பேச்சு கிளம்பும். கிளம்பினால் மறுநாளே எல்லாரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர் செய்தது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

நம் பகுதியில் சரக்கு முதலில் போகும், பணம் மாதக்கணக்கில் கழித்து வரும். நடுவில் ஒருவர் படுத்தால் பின்னால் நிற்பவர்களும் படுப்பார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அடி பட்டறை முதலாளியோடு நிற்கவில்லை. பாய்லருக்கு விறகு போட்டவர், சாயமும் உப்பும் கடனுக்குக் கொடுத்தவர், தவணையில் டெம்போ வாங்கி ஓட்டியவர் என்று போய்க்கொண்டே இருந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைகள் படுத்தபோது, வட்டிக்கு வாங்கி டெபாசிட் கட்டியவர்களும் அப்படித்தான் மாட்டினார்கள்.

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுப்பது கார் இல்லை, வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய சொத்துகளுக்கு ஒன்று போட்டு எடுங்கள். சென்னை நகரத்துக்கு வெளியே நமக்கெல்லாம் இன்றைக்கும் 1920ஆம் வருட மாகாண இன்சால்வன்சி சட்டம்தான். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள், உரிய விலை வாங்காமல் மனைவி பேரிலோ மச்சான் பேரிலோ சொத்தை மாற்றியிருந்தால், ரிசீவர் கேட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் சாதகமாகப் பணம் கொடுத்துத் தீர்த்திருந்தால் அதுவும் செல்லாமல் போகும்.

வாய்தாவுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். புரோநோட்டோடு வக்கீல் வைத்து ஆட்சேபணை போடுங்கள். அவர் இன்சால்வென்ட், அதாவது திவாலானவர் என்று உத்தரவானால் சொத்து ரிசீவர் கைக்குப் போகும், விற்று வருவதில் உங்கள் விகிதம் கிடைக்கும். அவர் கடன் சுமையிலிருந்து முழு விடுதலை கேட்கும்போது, ரூபாய்க்கு எட்டணாகூடச் சொத்து தேறவில்லை என்றால், அது தன் தவறால் வந்ததில்லை என்று அவர் நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். சூதாட்டம், மிதமிஞ்சிய ஆடம்பரம் இவற்றாலும் அந்த விடுதலை தடைபடும். நீங்கள் சொல்லும் காரும் மண்டபமும் அங்கேதான் எடுபடும்.

கேள்வி: என் கணவர் நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் ஊரைவிட்டுப் போய்விட்டார். இப்போது எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டை என் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டு ஐ.பி. கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், பவானி

பதில்: செய்யாதீர்கள் தங்கச்சி. மேலே பள்ளிபாளையத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். விலை வாங்காமல் எழுதும் அந்த செட்டில்மெண்டைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவார். உங்கள் கணவர் யாரையும் ஏமாற்றாத மனுஷன். அந்த ஒரு பத்திரம் அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிடும்.

கையெழுத்து என் கடனுக்கு இல்லையே என்று அவர் நினைத்திருப்பார். ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றுதான். ஓடிப்போனவரைத் தேடிவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் பார்த்த மனுக்களில் மனதைச் சங்கடப்படுத்தியவை இந்த ஜாமீன்தாரர்களுடையவைதான். ஒரு ரூபாய்கூடக் கையில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

உங்கள் அப்பா உங்கள் பேரில் வாங்கிக் கொடுத்தது, சீதனமாக வந்த நகை, இவை உங்களுடையவை. கணவர் கடனுக்கு எடுக்க முடியாது. பத்திரம், பில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். கணவர் சொத்திலும் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைச் சட்டம் விட்டுவைக்கிறது. வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகையையும், அதாவது தாலியையும், தொட மாட்டார்கள். வங்கியில் அடமானம் உள்ள வீட்டை ஐ.பி. காப்பாற்றாது.

மனு போட்ட அன்றைக்கே எல்லாம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்கிற வழக்குகளை நிறுத்தி வைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். ஜாமீனுக்காக அவர் செக் கொடுத்திருந்தால் அந்த செக் வழக்கு குற்றவழக்கு, அது தன் பாட்டுக்கு ஓடும். மற்றபடி, கட்ட வழியே இல்லாதவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் சிவில் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லியிருக்கிறது. வாசலில் வந்து மிரட்டுகிறவர் கந்துவட்டிக்காரர் என்றால் 2003ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங்கில் விட்டது, கிரெடிட் கார்டு, லோன் ஆப் எல்லாம் சேர்த்து பதினாறு லட்சம். புதுத் திவால் சட்டத்தில் ஏழைகளுக்குக் கடன் தள்ளுபடி இருக்கிறதாமே?
– ஒரு வாசகர், பெருங்குடி

பதில்: 2016ஆம் வருடச் சட்டத்தில் அப்படி ஒரு பகுதி எழுதியிருக்கிறது, உண்மைதான். ஆனால் தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. உங்களுக்கு இல்லை. வந்தாலும் அந்தச் சலுகைக்குக் கடன் 35,000 ரூபாய்க்குள், வருட வருமானம் 60,000க்குள் இருக்க வேண்டும். உங்கள் ஒரு மாதச் சம்பளமே அதைத் தாண்டும் தம்பி.

உங்கள் இடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி சிவில் எல்லைக்குள் வந்தால், உங்களுக்கு சென்னை நகரத்துக்கான 1909ஆம் வருட இன்சால்வன்சி சட்டம், போக வேண்டிய இடம் அந்த உயர் நீதிமன்றம். கண்மூடித்தனமான சூதாட்ட வியாபாரத்தில் விட்டது விடுதலை கேட்கும்போது அங்கேயும் இடிக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் சொன்ன கணக்கில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டில் ஃப்யூச்சர் ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னொரு ஆப்பை இறக்காதீர்கள்.

வேலை இருக்கும்போதே வங்கிகளிடம் தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஊரில் அப்பாவிடம் ஜாமீன் கையெழுத்து கேட்காதீர்கள். ஒவ்வொரு கடனுக்கும் வாங்கிய தேதி, கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது மூன்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.