ஐ5 சரி, எந்த வருஷத்து ஐ5?

நுகர்வோர் கேள்வி – பதில்: இந்த முறை வீட்டுக் கணினி

கேள்வி: மகள் பிளஸ் ஒன், மகன் எட்டாவது. வீட்டுக்காரர் கடைக் கணக்கை டேலியில் ஏற்ற வேண்டும் என்கிறார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கணினிதான். கையில் இருப்பது 25,000 ரூபாய். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?
– வாசகி, தேனி

பதில்: யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை என்றால் டெஸ்க்டாப்தான். இந்தப் பணத்துக்குப் புது லேப்டாப் என்று கடையில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் செலிரான் என்ற விலை குறைந்த சிப்பும் 4 ஜிபி ராமும் உள்ளதாக இருக்கும். டேலியையும் பிரவுசரையும் ஆன்லைன் வகுப்பையும் ஒன்றாகத் திறந்தால் திணறும்.

அதற்குப் பதில், பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் சின்ன டெஸ்க்டாப்களைப் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவை எங்கும் கிடைக்கின்றன. இன்டெல் ஐ5 சிப்பில் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்தது, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான சேமிப்பு) என்று கேளுங்கள். எட்டாவது தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும்.

மானிட்டர் 22 அங்குலம் போதும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் பேனலாக இருக்க வேண்டும். அவசரத்தில் நான் வாங்கிப்போட்ட டிஎன் பேனல் மானிட்டரில், பக்கத்தில் உட்காருபவருக்கு எழுத்தெல்லாம் வெளிறித்தான் தெரிகிறது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வீட்டுக்கு அது ஆகாது. ஆபீஸில் ஓடிய மிஷின்கள் பலவற்றில் வைஃபை இருக்காது, கேட்டு வாங்குங்கள். கணக்கு ஏற்றும்போது கரண்ட் போனால் உழைப்பு வீணாகும் என்பதால் ஒரு 600 விஏ யூபிஎஸ்ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். “இப்போதைக்கு 4 ஜிபி போதும், அப்புறம் ஏத்திக்கலாம்” என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. கடையிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எல்லா யூஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் செருகிப் பார்த்து, வாரண்டி எத்தனை மாதம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 2 டிபி எஸ்எஸ்டி 999 ரூபாய் என்று போனில் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம், போலி. உள்ளே இருப்பது சின்ன மெமரி. 2 டிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும். அது நிறைந்ததும் உங்கள் பழைய போட்டோக்கள் மேலேயே புதியவை ஏறி எல்லாம் அழிந்துவிடும்.

கேள்வி: 42,000 ரூபாய் லேப்டாப்பை ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் தருகிறார்கள். வட்டியே இல்லை என்பது உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வட்டி உண்டு. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டித் தொகையை விற்பவர் விலையில் கழித்துக் காட்டுவார். அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் விழும். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “மொத்தமா இப்பவே கட்டினா என்ன விலை?” அவர் 39,500 என்று சொன்னால், உங்கள் ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட் 2,500. மொத்தமாகப் புரட்ட முடியாதவர்களுக்கு இஎம்ஐ உதவிதான். என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள்.

கேள்வி: ஐந்தாவது படிக்கும் மகனுக்கு 78,000 ரூபாயில் கேமிங் லேப்டாப் வாங்கினேன். பத்து வருஷத்துக்கு மாற்ற வேண்டாம் என்றார் கடைக்காரர். இப்போதே சார்ஜ் இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை, தூக்கவும் கனம். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை. அந்த ரகத்தில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். அது கரண்ட்டை இழுக்கும், சூடாகும், கனமாகத்தான் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் சிப் இருப்பது பெட்டியிலேயே எழுதியிருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தேவை என்று கடைக்குப் போகும் முன் பத்து நிமிஷம் யோசித்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். வாங்கிய பிறகு வரும் கடிதங்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. தயவுசெய்து வாங்கும் முன் எழுதுங்கள்.

கேள்வி: 22,000 ரூபாய் கொடுத்து, ‘ஐ5, புத்தம் புது அசெம்பிள்டு’ என்று மகளுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். விண்டோஸ் 11 ஏறவில்லை. சர்வீஸ் கடையில் கழற்றிப் பார்த்து, சிப் ஐ5-3470, 2012இல் வந்தது என்றார்கள். விற்றவரோ “ஐ5 கேட்டீங்க, ஐ5 குடுத்தேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு போட்டிருக்கு பாருங்க” என்கிறார். என்னிடம் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட வெள்ளைத்தாள்தான். கூலி வேலையில் சேர்த்த பணம்.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ஐயா, உங்கள் மேல் தவறே இல்லை. இது தெரிந்தே செய்த மோசடி. இதைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே கதை எனக்கு வெவ்வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

கேபினெட் புதுசாக இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே விசிறியில் கலர் கலராக விளக்கு சுற்றும். மதர்போர்டும் புது அட்டைப்பெட்டியில்தான் வந்திருக்கும், ஏனென்றால் 2011, 2013 காலத்து எச்61, எச்81 சிப்செட் போர்டுகளைப் பெயர் தெரியாத கம்பெனிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சிப் மட்டும் ஏதோ ஓர் ஆபீஸில் வருஷக்கணக்கில் ஓடிய பழசு. ஐ5, ஐ7 என்பது ரகத்தின் பெயர் மட்டுமே. வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ5-3470 என்றால் மூன்றாவது தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாவது, ஐ5-12400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் பன்னிரண்டாவது. 2022இல் வந்த ஐ3-12100, 2012இன் ஐ7-3770ஐ எளிதாக முந்திவிடும். இந்த ஓர் எண்ணைத்தான் விளம்பரத்திலும் விலைப்பட்டியலிலும் திட்டமிட்டு மறைக்கிறார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் முழு எண்ணும் தெரியும். காட்ட மறுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது அந்த வெள்ளைத்தாள். “பில் போட்டா 18 பர்சன்ட் கூடும் சார்” என்று சொல்லி எஸ்டிமேட் நீட்டுவார்கள். நான் அப்படி வாங்கிய ஒரு யூபிஎஸ், பேட்டரி உப்பி, வாரண்டி கேட்டுப் போனபோது கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எங்க கடைப் பேரே இல்லையே” என்றார். ஜிஎஸ்டி பதிவுள்ள கடை 200 ரூபாய்க்கு மேல் விற்றால் பில் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் வழக்கு. பழைய பொருளையும் புதுப்பித்த பொருளையும் புதிது என்று சொல்லி விற்பது, பில் தர மறுப்பது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது ஆகிய மூன்றையுமே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. தாளில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை மாற்றாது. சர்வீஸ் கடையில் சிப் எண்ணை எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், அந்த எஸ்டிமேட் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடைக்கு எழுதுங்கள். கூடவே 1915க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மனுவில் சந்தேகம் என்றால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: ‘ரைசன் 5 7520யூ’, 8 ஜிபி லேப்டாப் வாங்கினோம். ராம் கூட்டப் போனால் செருக இடமே இல்லை என்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்தச் சிப்புடன் வரும் ராம் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட முடியாது. வாங்கும்போது யாராவது சொல்லியிருக்க வேண்டும். இங்கேயும் எண்தான் விஷயம்: 7520இல் மூன்றாவது இலக்கமான 2, உள்ளே இருப்பது 2019இன் ஜென் 2 வடிவமைப்பு என்பதைக் காட்டுகிறது. முதலில் நிற்கும் 7ஐப் பார்த்துப் புதுசு என்று நம்புவது இயல்புதான். படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் இது இன்னும் சில வருஷம் தாங்கும், விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். விற்காதீர்கள்.

கேள்வி: ‘ஆபீஸ்’ போட்டுத்தர 2,500 கேட்கிறார் கடைக்காரர்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். போடுவது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதே வேலைகளைச் செய்யும் லிப்ரெஆபீஸ் இலவசம்.

கேள்வி: தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வாங்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11இலேயே தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பு இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டிப் பழகினால் போதும்.

கேள்வி: அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடக்கிறது. ஆன் ஆகிறது, ஆனால் ஆமை வேகம். தம்பிக்குக் கொடுக்கலாமா, புதிதாக வாங்கலாமா?
– வாசகி, பெரம்பலூர்

பதில்: முதலில் அதைப் பாருங்கள். உள்ளே ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் அந்த டிஸ்க்தான் காரணம். விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள், இலவசம். 4 ஜிபி ராம் இருந்தால் பாடம் பார்க்க, தட்டச்சு பழக, பைத்தான் புரோகிராமிங் கற்றுக்கொள்ளத் தாராளம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை உடனே கழற்றிவிட்டு, அடாப்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள்.