ரன்-அப்பில் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? உங்கள் முன்காலைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 20. டென்னிஸ் பாலில் ஏழெட்டு ஸ்டெப் ஓடியே நல்ல வேகமாகப் போடுவேன். இந்த வருடம் லெதர் பாலுக்கு மாறியதும், பேஸ் கூடட்டும் என்று ரன்-அப்பை 25 ஸ்டெப் ஆக்கி முழு ஸ்பீடில் ஓடி வருகிறேன். ஆனால் பந்து முன்பைவிட மெதுவாக வருகிறது என்கிறார் கீப்பர். ஓவருக்கு ஒரு நோ-பாலாவது விழுகிறது. எவ்வளவு வேகத்தில் ஓடுவது சரி?

பதில்: கீப்பர் சொல்வதை நம்புங்கள் தம்பி, அவர் கைக்குத்தானே தெரியும். நீங்கள் ஓடும் வேகம் பந்துக்குப் போய்ச் சேரவில்லை, வழியிலேயே கசிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கிரீஸுக்கு, அதாவது பந்தை விடுகிற கோட்டுக்கு, வரும்போது நீங்கள் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறீர்கள் என்றால், பந்து 120, 130-இல் போக மீதி வேகம் எங்கிருந்து வருகிறது? முன்கால் தரையில் ஊன்றி இடுப்புக்குக் கீழே உடம்பு சட்டென்று நிற்கும்போது, மேல் உடம்பும் அதற்குப் பின்னால் கையும் அந்தக் காலுக்கு மேலே வீசி எறியப்படுகின்றன. பைக்கில் முன்பிரேக்கைப் பிடித்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நம் முதுகில் வந்து மோதுவாரே, அதேதான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் மோதலும் இல்லை. அந்த நொடியில் முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. உங்கள் கால் தாங்கக்கூடியதைவிட வேகமாக ஓடி வந்தால் முழங்கால் மடங்கிவிடும், அதோடு பேஸும் போய்விடும்.

அதனால் சரியான வேகம் என்பது, முன்முழங்கால் மடங்காமல் நிற்கிற அளவுக்குள் உங்களால் ஓட முடிகிற அதிகபட்ச வேகம். 100 மீட்டர் ஓடுகிற வேகம் அல்ல, யாரையோ டிவியில் பார்த்துக் காப்பியடிக்கிற வேகமும் அல்ல. 2003 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மணிக்கு 161.3 கிலோமீட்டரில் போட்ட பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் பவுண்டரி பக்கத்திலிருந்து பாய்ந்து வருவார். பும்ராவோ தயங்கித் தயங்கி நடப்பது மாதிரி வந்து 140-ஐத் தாண்டுவார், ஆனால் அவருடைய முன்கால் கம்பி மாதிரி நிற்பதைக் கவனியுங்கள், பந்தை விடும்போது நேர்க்கோட்டையும் தாண்டி வளைகிற அந்த முழங்கையும் எல்லோருக்கும் வாய்க்காது. நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ரிச்சர்ட் ஹாட்லீ ரன்-அப்பைக் குறைத்தபோது சொந்த ஊரில் நன்றாகத் திட்டு வாங்கினார், அப்புறம் 431 டெஸ்ட் விக்கெட்டில்தான் போய் நின்றார்.

இன்னொன்று, ஆக்‌ஷனையும் பார்க்க வேண்டும். நெஞ்சு பேட்ஸ்மேனைப் பார்த்தபடி போடுகிற ஃப்ரன்ட்-ஆன் ஆள் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வரலாம், ஜம்பில் உடம்பை அதிகம் திருப்ப வேண்டியதில்லை. தோளை பேட்ஸ்மேன் பக்கம் திருப்பிப் போடுகிற சைடு-ஆன் ஆள் அதே வேகத்தில் வந்தால் திரும்ப நேரம் போதாமல் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று ஆகும், முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் எலும்பு விரிசல்) வருகிற வழிகளில் அதுவும் ஒன்று. முதுகு வலித்தால் சோதனை எதுவும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

இப்போது கண்டுபிடிப்பது எப்படி? செல்போனும் ஒரு நண்பரும் போதும். ஜம்ப் செய்கிற இடத்துக்கு முன்னால் கடைசி 5 மீட்டரை இரண்டு செருப்பு வைத்துக் குறியுங்கள். பக்கவாட்டிலிருந்து ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த 5 மீட்டருக்கு 240 ஃப்ரேம் ஆனால் மணிக்கு 18 கிலோமீட்டர், 200 ஃப்ரேம் ஆனால் 21.6. பெரிய அளவில் ஆடுகிற வேகப்பந்து வீச்சாளர்கள் பலரும் ஏறக்குறைய இந்த வட்டாரத்தில்தான் வருகிறார்கள், ஆகவே நீங்கள் மட்டும் பறக்க வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு, சௌகரியமான வேகத்தில் ஆறு பந்து, கொஞ்சம் கூட்டி ஆறு, இன்னும் கூட்டி ஆறு, நடுவில் நன்றாக ஓய்வு. எல்லாம் ஒரே லெங்த்தில், அதாவது பிட்ச்சில் ஏறக்குறைய ஒரே இடத்தில், விழட்டும். இன்னொரு போன் இருந்தால் பவுலருக்குப் பின்னால் வைத்து, பந்து கையை விட்டதிலிருந்து எதிர் ஸ்டம்பைத் தாண்டும் வரை ஃப்ரேமை எண்ணுங்கள். ஓட்டம் கூடியும் பந்தின் ஃப்ரேம் குறையவில்லை என்றால், அல்லது முழங்கால் மடங்கி தலை ஆஃப் சைடு பக்கம் சாய்கிறது என்றால், ஒரு படி முந்தைய வேகம்தான் உங்களுடையது. கால் வலு ஏற ஏற அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்குவாட், ஒற்றைக்கால் லேண்டிங் பயிற்சி எல்லாம் அதற்குத்தான்.

25 ஸ்டெப் உங்களுக்கு அதிகம் என்பது என் கருத்து. பாதியிலேயே உச்ச வேகத்துக்குப் போய்விட்டு மீதியை மூச்சிரைக்க ஓடுகிறீர்கள் போல. 15-இலிருந்து 18-க்குள் முயன்று பாருங்கள். முதல் ஐந்தாறு ஸ்டெப் நிதானம், பிறகு படிப்படியாக ஏறி, கடைசி நாலைந்தில் உச்சம். ஜம்புக்கு முன்னால் ஸ்டெப்பைச் சுருக்கித் தடுமாறினால் வேகம் அங்கேயே செத்துவிடும்.

நோ-பாலுக்கும் இதுதான் காரணம், ஒவ்வொரு முறையும் ஸ்டெப் நீளம் மாறி முன்கால் கோட்டைத் தாண்டிவிடுகிறது. மார்க்கை, அதாவது ஓட ஆரம்பிக்கிற இடத்தை, புதிதாகப் போடுங்கள். கிரீஸில் நின்று, முதுகை ஸ்டம்புக்குக் காட்டி, பவுண்டரியை நோக்கி உங்கள் வேகத்தில் ஓடிப் போய், கோட்டைப் பற்றி யோசிக்காமல் பந்தை விடுங்கள். முன்கால் விழுந்த இடத்தை நண்பர் குறிக்கட்டும். ஏழெட்டு முறை செய்தால் குறிகள் ஓரிடத்தில் கூடும், அதுதான் மார்க். பாதத்தால் அளந்து எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது டேப் வைத்து அளந்துவிடுங்கள். மேட்ச் அன்று பின்னாலிருந்து காற்று தள்ளினால் அரை அடி பின்னால் போங்கள், எதிர்க்காற்று என்றால் அரை அடி முன்னால் வாருங்கள், முதல் ஓவருக்கு முன்பே இரண்டு தடவை பந்தில்லாமல் ஓடிப் பார்த்துவிடுங்கள்.