எட்ஃபூவில் விடியற்காலை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எகிப்து போய்வந்தோம். எட்ஃபூவில், பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸின் கோயிலில், கடைசி இருட்டறையில் வழிகாட்டி சொன்னார்: தினமும் காலையில் பூசாரி உள்ளே போய்ச் சிலையை எழுப்பி, குளிப்பாட்டி, துணி மாற்றி, சாப்பாடு வைப்பாராம். பொதுமக்கள் அந்தப் பக்கமே போகக்கூடாதாம். படையலைப் பூசாரிகளே தின்றுவிடுவார்களாம். சுத்த ஏமாற்று இல்லையா இது? அவ்வளவு பெரிய கற்களை மனிதர்கள்தான் ஏற்றினார்களா? படிக்க ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லக்ஸரில் உள்ள கர்னாக் கோயிலுக்கும் போயிருப்பீர்கள். முதல் முகப்புக் கோபுரத்தின் உள்பக்கம் சுடாத பச்சைச் செங்கல் மேடு ஒன்று சரிந்து கிடக்குமே, பார்த்தீர்களா? கல்லை இழுத்தேற்றப் போட்ட சரிவுப் பாதையின் மிச்சம். கோபுர வேலை பாதியில் நின்றதால் யாரும் அதைக் கலைக்கவில்லை. வேற்றுக்கிரகத்துக்காரன் வந்து செங்கல் அறுக்க மாட்டான். செல்ஃபி எடுத்த கையோடு கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

இனி ஏமாற்று. நாம் கோயில் என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் சொன்னது ‘கடவுளின் மாளிகை’. ஊர் கூடிக் கும்பிடும் இடமல்ல, ஒருவர் குடியிருக்கும் வீடு. நீங்களே நடந்திருக்கிறீர்கள். 36 மீட்டர் உயர வாசல் கோபுரம், வெயில் கொட்டும் முற்றம், தூண் மண்டபங்கள். உள்ளே போகப்போகத் தரை ஏறும், கூரை இறங்கும், வெளிச்சம் வடியும். முடிவில் ஒற்றைக் கருங்கல்லில் குடைந்த மாடம். எகிப்து மன்னர் இரண்டாம் நெக்தனெபோ செய்வித்தது. கி.மு. 237-இல் தொடங்கிய அந்தக் கோயிலைவிட நூறாண்டுக்கு மேல் மூத்தது. படுக்கையறையை யாராவது தெருவாசலில் வைப்பார்களா?

மக்களுக்கு இடமே இல்லையா என்றால், திருவிழாவில் தெய்வம் படகேறி வெளியே வரும். கர்னாக்கின் கிழக்குப் பக்கம், பின்சுவர் ஓரமாக, வேண்டுதலைக் கேட்கும் ஆமூன் கடவுளுக்குத் தனிச் சன்னதியே உண்டு. பூசாரிகள் பெரும்பாலும் முறைக்காரர்கள். ஒரு மாதம் உடம்பு முழுக்க மழித்துக்கொண்டு கோயிலில். அடுத்த சில மாதம் வீட்டில், தன் பிழைப்பில். படையல் அவர்களுடைய சம்பளம். நீங்கள் சம்பளம் வாங்குவதில்லையா?

இதெல்லாம் கிடக்கட்டும். கடிதத்தில் என்னைக் குத்தியது ‘குளிப்பாட்டி’ என்ற சொல். என் அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். நான் யாரென்றே தெரியாது. காலை ஐந்தரைக்கு வெந்நீரில் துணி பிழிந்து முகம், கழுத்து, விரலிடுக்கு என்று துடைப்பேன். “கை எழுந்தாச்சா? கால் எழுந்தாச்சா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே. புடவை மாற்றி, இட்லியைக் குழைத்து ஊட்டுவேன். மிச்சம் எனக்கு. “அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே, எதுக்கு தினம் புடவை மாத்தறே?” என்றார் ஒரு உறவினர். அவரை வாசல்வரைகூட நான் வழியனுப்பவில்லை.

எட்ஃபூ கருவறை முகப்பில் ஒரு பள்ளியெழுச்சி வெட்டியிருக்கிறது. “அமைதியாக விழித்தெழு” என்று ஹோரஸை எழுப்பும் பாட்டு. அதோடு விடாமல் அவருடைய கண்களை, உறுப்புகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு எழுப்புகிறது. அம்மா போன பிறகுதான் படித்தேன்.

பூசாரி வேலை முடிந்ததும் மாடத்தை அடைத்துக் களிமண் முத்திரை வைப்பார். பின்னோக்கி நடந்தபடி தன் காலடித் தடத்தைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே வெளியே வருவார். நான் கட்டிலடியில் சிந்தியதைக் கூட்டிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஆபீஸ் கிளம்புவேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? பிறகு எழுதுகிறேன்.