"ரவுண்டாக ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வோம்" என்கிறார்களே?

கேள்வி: டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் சிறு சப்-கான்ட்ராக்டர் நான். சிங்கப்பூரில் துவாஸில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை முடிந்துவிட்டது. கூடுதல் வேலைகளுக்கு 48,000 வெள்ளி வரவேண்டும். மெயின் கான்ட்ராக்டர், "ஓனர் கொடுத்தால்தான் உங்களுக்கு, இல்லையென்றால் ரவுண்டாக 25,000" என்கிறார். அடுத்த வாரம் பேச்சுவார்த்தை. எனக்குப் பேசத் தெரியாது. அடுத்த வேலையும் அவரிடமிருந்துதான் வரவேண்டும். என்ன செய்ய?

பதில்: பேசத் தெரியாததால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எதிரே உட்காரப்போகும் கியூ.எஸ். (வேலை அளவையும் செலவையும் கணக்குப் பார்ப்பவர்) தன் மேலதிகாரியிடம் காட்டக் காகிதம்தான் தேடுவார். அதை நீங்களே தயாரித்துக் கொண்டுபோங்கள்.

48,000 என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் வெட்டுவார்கள். பிரித்து எழுதுங்கள். எழுத்தில் உத்தரவு வந்த வி.ஓ.க்கள் (ஒப்பந்த வேலையில் மாற்றம், கூடுதல்) முதலில். அடுத்து, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் சொன்னவையும் சைட்டில் கையெழுத்து வாங்கியவையும், தேதியோடும் படத்தோடும். வாய்ச்சொல்லை நம்பிச் செய்தவை கடைசியில். விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் இந்தக் கடைசிப் பகுதியில் கொடுங்கள். முதல் பகுதியில் ஒரு வெள்ளிகூட இறங்காதீர்கள். குப்பை அள்ளியது, உடைந்ததைச் சரிசெய்தது என்று அவர்கள் கழிக்கப் பார்த்தால், அப்போதே உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸைக் கேளுங்கள். பல நேரம் அது இருக்காது.

"ஓனர் கொடுத்தால்தான்" என்ற பேச்சு இங்கே செல்லாது. 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கட்டுமானக் கட்டணப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும். ஒப்பந்தப்படி பேமென்ட் கிளெய்மை, அதாவது பணம் கேட்கும் எழுத்துக் கோரிக்கையை, அனுப்பிவிடுங்கள். அவர்கள் அதிகபட்சம் 21 நாளுக்குள் பதில் தரவேண்டும். அதில் சொல்லாத காரணத்தைப் பின்னால், இந்தச் சட்டப்படி தகராறைத் தீர்க்கும் நடுவர் முன் பொதுவாகக் கிளப்ப முடியாது. பதிலுக்கான கெடு முடிந்ததும் பேசித் தீர்க்க 7 நாள். அப்புறம் நடுவர் தீர்ப்புக்கு விண்ணப்பிக்க இன்னொரு 7 நாள்தான். காலண்டரில் குறித்து வையுங்கள். கிளெய்ம் அனுப்புவது சண்டைக்கு இழுப்பதாகுமோ என்று தயங்க வேண்டாம். மெயின் கான்ட்ராக்டரும் ஓனரிடம் இதே சட்டத்தின் கீழ்தான் கிளெய்ம் போடுகிறார்!

பேச்சுக்குத் தனியாகப் போகாதீர்கள். குறிப்பெடுக்க ஒருவர் கூட வரட்டும். இதற்குக் கீழே போகமாட்டேன் என்ற தொகையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். "25,000" என்று ஆரம்பித்தால் நீங்கள் பதிலுக்கு "40,000" என்று ஏலம் விடாதீர்கள். "எந்த ஐட்டத்தைக் குறைத்தீர்கள், சார்?" என்று பட்டியலைத் திறந்து வையுங்கள். குறைக்கச் சம்மதித்தால் பதிலுக்கு ஏதாவது கேளுங்கள்: 14 நாளில் பணம், அல்லது வேலையில் குறை வந்தால் சரிசெய்வதற்கென்று பிடித்துவைத்த ரிட்டென்ஷன் தொகையில் பாதி.

கையெழுத்தை மட்டும் அங்கேயே போடாதீர்கள். "முழு, இறுதித் தீர்வு" என்று ஒரு வரி இருந்து, ரிட்டென்ஷன் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அதுவும் போய்விடலாம். ஒருநாள் அவகாசம் வாங்கி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்த வேலையைக் காட்டி இந்தக் கணக்கில் தள்ளுபடி கேட்பார்கள். சரி, அந்த வேலையின் அளவையும் ரேட்டையும் எழுத்தில் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.