வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் வரப்போகிறது. வாகன நெரிசல், தரிப்பிடம் பற்றி யாழ்ப்பாணத்தில் யாரிடம், எப்படி ஆட்சேபிப்பது?

எங்கள் ஒழுங்கை முகப்பிலும் 2023 கடைசியில் இப்படி ஒன்று வந்தது. கடையின் பெயர் வேண்டாம், உள்ளூராட்சிச் சபையின் பெயரும் வேண்டாம். எட்டுப் பரப்பு வளவு. முன்னால் பிரதான வீதி, பக்கத்தில் பன்னிரண்டு அடி ஒழுங்கை. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் தென்னைகளெல்லாம் தறித்துக் கிடந்தன. அப்போதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தார் வழக்கமாகச் செய்வதை நாங்களும் செய்தோம், பெட்டிசம் அடித்தோம். சனசமூக நிலையத்தில் கூடி "கடை வேண்டாம்" என்று எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். முதல் பிழை அதுதான். சபையில் வாசித்த உத்தியோகத்தர், "அது தனியார் காணி. கடை போட வேண்டாம் எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. (கையெழுத்து வைத்த பலரைத் திறப்பு விழாவன்று ஏசிக்குள் கண்டேன். அவர்களும் என்னைக் கண்டார்கள்.)

எங்கள் ஒழுங்கையில் பிளான் கீறுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர்தான் சொன்னார்: "எத்தனை வாகனம் நிக்கலாம் எண்டு கேட்டு மினக்கெடாதேங்கோ. அந்தக் கணக்கு விதிப்படி சரியாத்தான் இருக்கும். வாசல் எந்தப் பக்கம் எண்டு கேளுங்கோ."

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில், இன்ன பாவனைக்கு இவ்வளவு தரிப்பிடம் என்று கணக்கு இருக்கிறது. கடையின் வரைபடத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் தரிப்பிடம் கடையின் பின்பக்கம், அதற்குப் போகும் வழி எங்கள் ஒழுங்கை! ஒரு றாத்தல் பாணும் ஒரு பால்மாப் பெட்டியும் வாங்க மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பின்னால் சுற்றிப் போவாரா? வாய்க்கால் மூடிக்கு மேலேயே ஸ்டாண்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். கார்க்காரர் ஒழுங்கைக்குள் இறங்குவார், எதிரே இன்னொரு கார் வரும், ஒன்று பின்னுக்கு எடுத்துப் பிரதான வீதியில் பின்பக்கத்தை நீட்டும். பன்னிரண்டு அடி என்பது வரைபடத்தில்தான். மின்கம்பமும் வாய்க்காலும் போக ஒன்பதரை அடிதான் மிஞ்சியது. நாங்களே நாடா பிடித்து அளந்து, அளவோடு புகைப்படம் எடுத்துக் கொடுத்தோம். கையெழுத்துகளைவிட அந்தப் புகைப்படம்தான் வேலை செய்தது.

கடையின் வரைபடத்தைச் சபையில் முதலில் காட்ட மாட்டோம் என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, 12ஆம் இலக்கம்) இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். என்ன காரணத்துக்காகக் கேட்கிறோம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. வரைபடம், தரிப்பிட விபரம், போக்குவரத்துப் பாதிப்பு அறிக்கை ஏதும் கொடுத்திருந்தால் அதன் பிரதி, இவ்வளவையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

அறிக்கை கிடைத்தால், வாகனம் எண்ணிய நேரத்தை முதலில் பாருங்கள். காலை பத்து மணிக்கு எண்ணினால் எங்கள் ஊர் வீதி எதுவும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். விடிய ஏழரைக்கு முன்னும், மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும்போதும், பின்னேரம் ரியூசன் விட்டுச் சைக்கிள்கள் கூட்டமாக இறங்கும்போதும் அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நல்லூர்ப் பக்கம் என்றால் திருவிழா 25 நாளும் தனிக்கணக்கு. கோயிலைச் சுற்றி வீதிகளை மூடினால் அவ்வளவு வாகனமும் உள் வீதிகளுக்குத்தான் வரும். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள், பழைய எண்ணிக்கையைக் காட்டினால் அதையும் கேளுங்கள்.

யாரிடம் போவது என்பதுதான் பெரிய அலைச்சல். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தரம் என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். ஒழுங்கை சபையினுடையது. வீதியோரம் நிற்கும் வாகனத்துக்குப் பொலிஸ். ஒரே மூலைக்கு நான்கு இடம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கடைசியில் ஒரே கடிதத்தை எல்லோருக்கும் எழுதி, பிரதி யார் யாருக்குப் போகிறது என்று கீழே போட்டோம். அதன் பிறகுதான் எல்லோரும் ஒருநாள் ஒன்றாக வந்து பார்த்தார்கள். அப்போது சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சோடு முடிந்து, செயலாளர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 2025 மே தேர்தலுக்குப் பிறகு உங்களுக்கு வட்டார உறுப்பினர் இருக்கிறார், அவரையும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டட அனுமதி கொடுக்க முதல் போங்கள். அது தவறினால், வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்க முன்னராவது போங்கள்.

மூன்றே மூன்று கேட்டோம்: உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் பிரதான வீதிப் பக்கம், ஒழுங்கைப் பக்கம் முழு மதில், கூலர் லொறி பள்ளிக்கூட நேரத்தில் சாமான் இறக்கக் கூடாது. முதலாவது கிடைத்தது. மதிலில் ஊழியர்களுக்கென்று ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டார்கள். லொறி மட்டும் இன்னும் தன் எண்ணத்துக்குத்தான் வருகிறது, விடிய ஐந்தரைக்கே பின்னுக்கு எடுக்கும் சத்தம் எங்கள் படுக்கை வரை கேட்கும்.

முன் வீட்டு மாமியின் படலையை இரண்டு தடவை வாகனம் மறித்தது. ஒரு தடவை 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்தபோது. வாகனக்காரரைத் தேடிக் கடைக்குள் ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டி வந்தது. அடுத்த நாள் மாமி அடுப்படியிலிருந்த பழைய ஆட்டுக்கல்லை உருட்டி வந்து படலை ஓரம் வைத்தார். கார் இப்போது அங்கே நிற்பதில்லை. மோட்டார் சைக்கிள்காரர் கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டை அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.